சென்னையிலிருந்து எவரெஸ்ட் பேஸ் கேம்ப்: கிளம்பும் முன் செய்ய வேண்டியவை, வரிசைப்படி ஒரு முழுமையான வழிகாட்டி

நம் ஊரில் இந்த நடைக்குத் தயாராகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது ஜாக்கெட். அடுத்து விமான டிக்கெட். அப்புறம் மேனேஜரிடம் லீவு. கடைசி மூன்று வாரம் பெசன்ட் நகர் கடற்கரையில் ஓட்டம். டாக்டரைப் பார்ப்பது நேரம் இருந்தால். இதே வரிசையில் போய்ப் பாதி வழியில் திரும்பியவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். முதல் தடவை நானும் ஏறக்குறைய இப்படித்தான் கிளம்பினேன்.

இங்கே சொல்வது நேபாளத்தில் லுக்லாவிலிருந்து எவரெஸ்ட் பேஸ் கேம்ப் வரை நடந்து திரும்புவதற்கான ஏற்பாடு. கூடாரம் கிடையாது, ஒவ்வோர் இரவும் டீஹவுஸ் என்று சொல்லப்படும் குடில்களில்தான் தங்கல். அன்னபூர்ணா பேஸ் கேம்ப், மேற்கு வங்கத்தின் சந்தக்பூ போன்ற குடில் வழிகளுக்கும் இதே வரிசைதான், நாட்கள் மட்டும் குறையும்.

1. முதலில் நாட்களை எண்ணுங்கள்

தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர். லுக்லாவில் விமானத்தை விட்டு இறங்கும்போதே நீங்கள் 2,860 மீட்டரில் நிற்பீர்கள். அதாவது தமிழ்நாட்டில் பார்த்திருக்கும் மலைகள் ஏறக்குறைய எல்லாமே நடை தொடங்கும் முன்பே காலுக்குக் கீழே போய்விடும். பேஸ் கேம்ப் 5,364 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதியை ஒட்டித்தான் இருக்கும், ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் அப்படியே.

இதற்கு உடம்பு பழகுவது நாட்கணக்கில் நடக்கிற வேலை. உடற்பயிற்சியால் அதை வேகப்படுத்த முடியாது. மாரத்தான் ஓடுகிறவருக்கும் தலைவலி வரும். சொல்லப்போனால் அவர்களுக்குத்தான் அடிக்கடி வருகிறது, கால் வேகமாகப் போவதால் உயரத்தையும் வேகமாக ஏறிவிடுகிறார்கள்.

விதி இதுதான்: 3,000 மீட்டருக்கு மேல், இன்று தூங்கும் இடம் நேற்றுத் தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரமாக இருக்கக் கூடாது. மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் இரண்டு இரவு தங்க வேண்டும். பகலில் எவ்வளவு உயரம் தொட்டீர்கள் என்பதைவிட எங்கே தூங்குகிறீர்கள் என்பதுதான் கணக்கு.

அதன்படி என் நாட்குறிப்பு: முதல் நாள் லுக்லாவில் இறங்கி பாக்டிங் (2,610). இரண்டாம் நாள் நாம்சே (3,440). மூன்றாம் நாளும் நாம்சேதான், பகலில் 3,880 மீட்டர் வரை ஏறிப் பார்த்துவிட்டுக் கீழே வந்து தூங்க வேண்டும். நான்காம் நாள் தெங்போச்சே (3,860). ஐந்தாம் நாள் திங்போச்சே (4,410), ஆறாம் நாளும் அங்கேயே. ஏழாம் நாள் லோபுச்சே (4,940). எட்டாம் நாள் கோரக்ஷெப் (5,164) போய், பையைப் போட்டுவிட்டு பேஸ் கேம்ப் தொட்டுத் திரும்பல். ஒன்பதாம் நாள் விடியலில் காலா பத்தர் என்ற குன்று, அங்கிருந்து பெரிச்சேவுக்கு இறக்கம். பத்தாம் நாள் நாம்சே, பதினொன்றாம் நாள் லுக்லா, பன்னிரண்டாம் நாள் விமானம்.

பாக்டிங்கிலிருந்து நாம்சேவுக்கு ஒரே நாளில் 830 மீட்டர் ஏற்றம் என்பதைக் கவனியுங்கள். விதியை மிக அதிகமாக மீறுகிற நாள் அது (திங்போச்சே, லோபுச்சே நாட்களில் 50, 30 மீட்டர்தான் கூடுதல்). அதனால்தான் அடுத்த நாள் அங்கேயே நிற்கிறோம். "எனக்கு நல்லாத்தான் இருக்கு, அந்த நாளை மிச்சம் பிடிக்கலாமே" என்று குழுவில் ஒருவர் சொல்லாமல் இருக்க மாட்டார். அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

இந்தப் பன்னிரண்டோடு காத்மாண்டு போய் அனுமதிச் சீட்டு வேலைகளை முடிக்க இரண்டு நாள், திரும்ப ஒரு நாள், லுக்லாவில் மேகம் மூடினால் காத்திருக்க இரண்டு நாள். ஆக 17 நாள். அந்தக் கடைசி இரண்டு நாளை நான் முதல் தடவை விட்டுவிட்டேன். லுக்லாவில் இரண்டு நாள் வெள்ளைச் சுவர் மாதிரி மேகம், ஒரு விமானமும் வரவில்லை. காத்மாண்டிலிருந்து சென்னைக்குப் போட்டிருந்த டிக்கெட் பணம் போனது போனதுதான்.

17 நாள் லீவு கிடைக்காது என்றால் இந்த ஆண்டு சந்தக்பூ (3,636) போய்விட்டு வாருங்கள். 12 நாள் நடையை 9 நாளாக நறுக்குவதைவிட அது எவ்வளவோ மேல்.

2. மாதம்

அக்டோபர், நவம்பர், இல்லையென்றால் மார்ச் கடைசியிலிருந்து மே நடுப்பகுதி வரை. முதல் பருவத்தில் வானம் தெளிவு, இரவில் குளிர் அதிகம். இரண்டாவதில் குளிர் கொஞ்சம் குறைவு, பிற்பகல் மேகம் கூடுதல்.

சென்னைக்காரர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஏப்ரலில் போவதென்றால் பயிற்சி ஜனவரி முதல் மார்ச் வரை விழும், நம் ஊரில் வெளியே நடக்கத் தோதான மாதங்கள் அவை. அக்டோபருக்குப் பயிற்சி எடுப்பவர்கள் ஆகஸ்ட் புழுக்கத்தில் வியர்த்துக் கொட்ட வேண்டும். ஆனால் தீபாவளி விடுமுறையை லீவோடு சேர்த்துக்கொள்ளலாம். எது தோது என்று வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.

3. டாக்டர்: நான்கு மாதம் முன்பே

கடைசி வாரத்தில் போவதில் அர்த்தமில்லை, ஏனென்றால் சரிசெய்ய நேரம் இருக்காது. முக்கியமாக ஹீமோகுளோபின். ரத்தசோகை இருப்பது தெரியாமலே மேலே போகிற பெண்கள் நிறைய. ஆக்சிஜனைச் சுமப்பதே ஹீமோகுளோபின்தான். குறைவாக இருந்தால் கூட்ட மாதக்கணக்கில் ஆகும். ரத்த அழுத்தம், சர்க்கரை, நாற்பது தாண்டியவர்களுக்கு இதயப் பரிசோதனை, இவற்றோடு பல்லையும் பார்த்துவிடுங்கள். சொத்தைப் பல் குளிரில் குடைய ஆரம்பித்தால் பக்கத்துத் தெருவில் பல் டாக்டர் கிடையாது. இன்சுலின் போடுகிறவர்கள், அது உறைந்தால் கெட்டுவிடும், குளுக்கோமீட்டரும் குளிரில் சண்டித்தனம் செய்யும் என்பதை டாக்டரிடம் சொல்லி வழி கேளுங்கள்.

உயரத்தில் வரும் மலைநோயைத் தடுக்கக் கொடுக்கும் டயமாக்ஸ் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். அசிட்டசோலமைடு என்பது மருந்தின் பெயர். தடுப்புக்கு வழக்கமாகக் கொடுப்பது 125 மில்லிகிராம், நாளுக்கு இருமுறை. உங்களுக்கு வேண்டுமா, எப்போது தொடங்குவது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் சரி என்றால் சென்னையிலேயே ஓரிரு நாள் சாப்பிட்டுப் பாருங்கள். விரல் நுனி மரத்துப்போன மாதிரி குறுகுறுக்கும், அடிக்கடி சிறுநீர் வரும். இது மருந்தின் குணம் என்று முன்பே தெரிந்தால் நாம்சேயில் பயப்பட மாட்டீர்கள்.

4. ஷூ: டாக்டருக்கு அடுத்த வாரமே

துணிமணி கடைசியில் வாங்கலாம், ஷூ மட்டும் முதலில். பயிற்சி முழுக்க அதைப் போட்டுக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

சாயங்காலம் கடைக்குப் போங்கள், நாள் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் இருக்கும். கனமான சாக்ஸ் போட்டுப் பாருங்கள். கடையில் சரிவுப் பலகை இருந்தால் அதில் இறங்குங்கள், இல்லையென்றால் ஷூ நுனியைத் தரையில் தட்டுங்கள். கட்டைவிரல் முன்னால் இடித்தால் அரை சைஸ் பெரிதாக எடுங்கள். மூன்று நாள் இறக்கத்தில் அந்த இடி கால் நகத்தைக் கறுக்க வைத்துவிடும்.

பழைய ஷூ வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எங்கள் குழுவில் வேளச்சேரித் தம்பி ஒருவர், நான்கு வருடம் முன்பு வாங்கி இரண்டே முறை போட்ட நல்ல ஷூவைப் பரணிலிருந்து எடுத்து வந்தார். பார்க்கப் புத்தம்புதுசு. நாம்சே ஏற்றத்தில் தொங்குபாலத்தைத் தாண்டியதும் வலது காலின் அடி அப்படியே கழன்று பின்னால் கிடந்தது. உள்ளே இருந்த பஞ்சு மாதிரிப் பகுதி கையில் எடுத்தால் ரஸ்க் போல உதிர்ந்தது. பாலியூரிதேன் என்ற அந்தப் பொருள் ஈரக்காற்றில் தானாகவே சிதையும், பெட்டிக்குள் சும்மா இருந்தாலும் சரி. சென்னைக் காற்றுக்குச் சொல்லவே வேண்டாம். நைலான் கயிற்றால் வரிந்து கட்டி நாம்சே வரை நடந்து, அங்கே கிடைத்த ஷூவை வாங்கிக்கொண்டார். பழைய ஷூவானால் பரங்கிமலையில் நாலு முறை ஏறி இறங்கிச் சோதித்துவிட்டு எடுத்துப் போங்கள்.

5. பயிற்சி: பன்னிரண்டு வாரம்

சென்னை தட்டையான ஊர் என்பது உண்மைதான். ஆனால் படிகளுக்குக் குறைவில்லை.

வாரநாளில் மூன்று நாள் அபார்ட்மென்ட் மாடிப்படி, 45 நிமிடம். ஒரு மாடி ஏறக்குறைய 3 மீட்டர். பத்து மாடியைப் பத்து முறை ஏறினால் 300 மீட்டர். பலரும் செய்கிற தவறு, ஏறிவிட்டு லிஃப்டில் இறங்குவது. முட்டி தேயும் என்ற பயம். ஏறுவதற்கு மூச்சு வேண்டும், இறங்குவதற்குத் தொடை வேண்டும். மலையில் முட்டி வலி வருவது இறக்கத்தில்தான். படியிலேயே இறங்குங்கள், மெதுவாக.

வார இறுதியில் ஒரு நீண்ட நடை. முதல் மாதம் திருக்கழுக்குன்றம், ஐந்நூற்றுச் சொச்சம் படிகள், மூன்று சுற்று. இரண்டாம் மாதம் சோளிங்கர் பெரியமலை, 1,305 படிகள். மூன்றாம் மாதம் அலிபிரியிலிருந்து திருமலை, ஏறக்குறைய 3,550 படிகள், ஏறிவிட்டு பஸ் பிடிக்காமல் நடந்தே இறங்குங்கள். இந்த மூன்று இடத்திலும் வெறுங்காலோடு ஏறுவதுதான் வழக்கம், ஆகவே ஷூ பழகாது. ஷூவுக்குப் பர்வதமலை, ஏலகிரி மாதிரி வேறு இடம் பார்க்க வேண்டும்.

முதுகில் 3 கிலோவில் தொடங்கி 8 கிலோ வரை கொண்டுபோங்கள். தண்ணீர் பாட்டில்களைப் போட்டுக்கொள்வது நல்லது, இறங்கும்போது முட்டி வலித்தால் கொட்டிவிடலாம்.

வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். தொடர்ந்து இரண்டு நாள், சனி ஞாயிறு இரண்டிலும் ஐந்து மணி நேரம் நடந்து திங்கட்கிழமை ஆபீஸுக்கு நொண்டாமல் போனால் போதும்.

6. காகிதம், காப்பீடு, பணம்

இந்தியர்களுக்கு நேபாள விசா தேவையில்லை. விமானத்தில் போக பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை வேண்டும். எல்லாவற்றுக்கும் ஆதாரை நீட்டிப் பழகியவர்கள் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வது இங்கேதான். சாகர்மாதா (எவரெஸ்ட்டின் நேபாளப் பெயர்) தேசியப் பூங்கா நுழைவுச் சீட்டில் இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்குக் கட்டணம் குறைவு, அதற்கும் பாஸ்போர்ட் கையில் இருப்பது வசதி. உள்ளூர் ஊரக நகராட்சியின் சீட்டு தனி.

சீசனில் லுக்லா விமானங்கள் பெரும்பாலும் காத்மாண்டிலிருந்து கிளம்புவதில்லை. ராமேச்சாப்பில் உள்ள மந்தலியிலிருந்துதான். நள்ளிரவில் ஜீப் ஏறி நான்கைந்து மணி நேரம் போக வேண்டும். முந்தின நாள் நன்றாகத் தூங்கிவிடுங்கள்.

காப்பீட்டில் இரண்டு வரிகளைத் தேடிப் படியுங்கள். எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும், ஹெலிகாப்டர் மீட்பு உண்டா. 6,000 மீட்டர் வரை என்று எழுத்தில் இருக்க வேண்டும். சாதாரணப் பயணக் காப்பீட்டில் மலை நடையை விலக்கியிருப்பார்கள், போனில் "கவர் ஆகும் சார்" என்று சொல்வதை நம்ப வேண்டாம், மின்னஞ்சலில் கேளுங்கள்.

ஒரு இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய். டீக்கடையிலும் க்யூஆர் தட்டிப் பழகிய கை இங்கே ரொக்கத்துக்கு மாற வேண்டும். நாம்சேவுக்கு மேல் ஏடிஎம்மை நம்ப முடியாது. ஏற ஏற விலையும் ஏறும், ஒவ்வொரு பொட்டலமும் ஆள் முதுகிலோ மாட்டு முதுகிலோ வந்தது. போர்ட்டருக்கான சன்மானத்தைத் தனி உறையில் போட்டு முதல் நாளே ஒதுக்கிவிடுங்கள்.

7. துணியும் பையும்

நம்மில் பலருக்குக் குளிருக்கு உடுத்தத் தெரியாது, தெரிய வாய்ப்பும் இருந்ததில்லை. ஒரே ஒரு தடி ஜாக்கெட்டை வாங்கி அதற்குள் பருத்தி பனியன் போடுவோம். ஏற்றத்தில் வியர்வை பனியனில் ஊறும், நின்றதும் ஈரத்துணி உடம்புச் சூட்டை உறிஞ்சும். அந்தக் குளிர்தான் ஆளை வாட்டுவது.

அடுக்கு முறைதான் வழி. உடம்பை ஒட்டி வியர்வையை வெளியேற்றும் பாலியஸ்டர் அல்லது மெரினோ கம்பளி, அதன்மேல் ஃப்ளீஸ், நிற்கும்போது டவுன் ஜாக்கெட் (மென்சிறகு அடைத்தது), காற்றுக்கும் மழைக்கும் மெல்லிய மேலுறை. நடக்கத் தொடங்கும்போது லேசாகக் குளிர வேண்டும், இதமாக இருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம்.

டவுன் ஜாக்கெட், ஸ்லீப்பிங் பேக் இரண்டையும் சென்னையில் வாங்குவது வீண் செலவு என்பது என் கருத்து. காத்மாண்டு தமேலில் வாடகைக்குக் கிடைக்கும், திரும்பி வந்து இங்கே எங்கே போடப் போகிறோம்? உள்ளாடை, சாக்ஸ், ஷூ மட்டும் சொந்தமாக இருக்கட்டும். கறுப்புக் கண்ணாடி தரமானதாக வேண்டும், 1,000 மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் புற ஊதாக் கதிர் கூடும், பனி அதை இன்னும் திருப்பி அடிக்கும். துருக்கித் துண்டுக்குப் பதில் நம்ம ஊர் ஈரிழைத் துண்டு, அரை மணியில் காய்ந்துவிடும்.

லுக்லா விமானத்தில் கைப்பையும் சேர்த்து 15 கிலோதான் என்று வைத்துக்கொண்டு கட்டுங்கள். நான் பையைப் பழைய பேப்பர் கடைத் தராசில் நிறுத்துப் பார்ப்பேன். முதல் நிறுப்பில் எப்போதும் 19 கிலோ வரும். சட்டைகள்தான் குற்றவாளி.

பருப்புப்பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் கட்டாயம். 4,000 மீட்டருக்கு மேல் பசி செத்துவிடும், தட்டைப் பார்த்தாலே குமட்டும். அப்போது தால் பாத் என்ற பருப்புச் சோற்றில் ஒரு விரல் ஊறுகாய் உள்ளே இறக்கிவிடும். கடலை மிட்டாய் கொண்டுபோனால் சின்னத் துண்டுகளாக உடைத்துப் போடுங்கள், குளிரில் கல்லாகும்.

8. குடிலில் நடப்பது எப்படி

அறை வாடகை குறைவாக இருக்கும், வருமானம் சாப்பாட்டில்தான். எனவே தங்கும் இடத்திலேயே இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் என்பது எழுதாத ஒப்பந்தம். வந்ததும் இரவுக்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிடுங்கள், ஒரே அடுப்பில் முப்பது பேருக்குச் சமைக்கிறார்கள். பத்துப் பேர் பத்து வகை கேட்டால் ஒன்பது மணிக்குத்தான் தட்டு வரும். தால் பாத் கேட்டால் சீக்கிரம் வரும், மறுசோறும் உண்டு. நாம்சேவுக்கு மேல் இறைச்சி வேண்டாம், கீழேயிருந்து நாள்கணக்கில் சுமந்து வந்தது.

அறை ஒட்டுப்பலகைச் சுவர், இரண்டு கட்டில், ஒரு போர்வை. பக்கத்து அறைக் குறட்டை உங்கள் அறைக் குறட்டைதான். சூடு உணவுக்கூடத்தில் மட்டும், அதுவும் சாயங்காலம் யாக் வறட்டி போட்டு அடுப்பு மூட்டிய பிறகு. படுக்கப் போகும் முன் பாட்டிலில் கொதிநீர் வாங்கி, சாக்ஸில் திணித்து, ஸ்லீப்பிங் பேக்கின் கால்மாட்டில் போடுங்கள். விடிந்ததும் அதுவே குடிநீர். போன், பவர் பேங்க், தண்ணீர் வடிகட்டி மூன்றும் உங்களோடு ஸ்லீப்பிங் பேக்குக்குள் தூங்க வேண்டும். பேட்டரி குளிரில் இறங்கும், வடிகட்டி உறைந்தால் உள்ளே வெடித்துப் பயனற்றுப் போகும்.

இரவில் மூச்சு நின்றது போலத் திடுக்கிட்டு விழிப்பீர்கள். உயரத்தில் தூக்கத்தில் மூச்சு ஏறி இறங்குவது சகஜம். அதற்காகத் தூக்க மாத்திரை போடாதீர்கள், மதுவும் வேண்டாம். இரண்டுமே மூச்சைத் தாழ்த்தும்.

9. திரும்பும் விதியைச் சென்னையிலேயே எழுதுங்கள்

மேலே போனபின் யாருக்கும் நிதானமாக யோசிக்க வராது. அதனால் குழுவாக உட்கார்ந்து முன்பே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

தலைவலியோடு குமட்டல், சோர்வு, தலைசுற்றல் இருந்தால் அது மலைநோய் என்றே கொள்ளுங்கள். அன்று மேலே ஏறக் கூடாது. மறுநாளும் குறையவில்லை, அல்லது கூடுகிறது என்றால் இறங்க வேண்டும். தள்ளாட்டம், உளறல், அல்லது சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல், நெஞ்சில் களகளப்பு இவற்றில் ஒன்று வந்தால் இரவானாலும் உடனே, துணையோடு இறங்க வேண்டும். மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோக்கிறது என்று பொருள், உயிர்ப் பிரச்சினை. பெரிச்சேயில் சீசன் நாட்களில் மலைநோய்க்கான மருத்துவமனை திறந்திருக்கும்.

தள்ளாட்டத்தைச் சோதிக்க எளிய வழி உண்டு. லோபுச்சேயில் ஒருநாள் இரவு, "ஒண்ணுமில்லண்ணா, தூக்கம்தான்" என்ற பையனை உணவுக்கூடத் தரைப் பலகையின் கோட்டில் குதிகாலை விரல்நுனியில் ஒட்டி ஒட்டி நடக்கச் சொன்னோம். மூன்றாம் அடியில் மேசையைப் பிடித்தான். அரை மணியில் இரண்டு டார்ச், ஒரு வழிகாட்டி, நான் என்று இறங்கத் தொடங்கினோம். பெரிச்சே வந்து சேர்ந்தபோது அவனே கடலை மிட்டாய் கேட்டான்.

ஆக்சிமீட்டர் கொண்டுபோகலாம், ஆனால் எண்ணை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். விரல் சில்லிட்டிருந்தால் தப்பாகக் காட்டும். எண் நன்றாக இருக்கிறது, ஆள் சரியில்லை என்றால் ஆளை நம்புங்கள்.

10. கடைசி வாரம்

பயிற்சியைப் பாதியாகக் குறையுங்கள். புதிதாக எதையும் உடம்பில் மாட்டாதீர்கள். வீட்டுக்கு நாட்குறிப்பின் ஒரு நகல் கொடுத்து, லோபுச்சே, கோரக்ஷெப் நாட்களில் போன் வராமல் போகலாம் என்று அம்மாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். பவர் பேங்க் கைப்பையில்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு கால் நகங்களை நேராக வெட்டுங்கள். முந்தின இரவு வேண்டாம், ஓரத்தில் சதை கிழிந்திருந்தால் ஆற ஒரு நாளாவது வேண்டும். நகவெட்டியைப் பெரிய பைக்குள் போடுங்கள். ஒன்பதாம் நாள் இறக்கம் தொடங்கும் முன் மறுபடி தேவைப்படும்.